ஸ்டென் கன்னில் மேகசின் ஏன் இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது?

நெல்லை வாசகன்

வணக்கம். துப்பாக்கிகளைப் பற்றி எனக்குப் பெரிதாக எதுவும் தெரியாது, தவறாகக் கேட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தா 1950-களில் ராணுவத்தில் இருந்தவர். அவருடைய தகரப் பெட்டியை ஒழிக்கும்போது ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ கிடைத்தது. ஆறு பேர் வரிசையாக நிற்கிறார்கள், ஐந்து பேர் கையில் .303 ரைஃபிள், ஓரத்தில் நிற்கும் தாத்தா கையில் மட்டும் வேறு ஏதோ. பார்த்தால் துப்பாக்கி மாதிரியே இல்லை. தண்ணீர்க் குழாயை வெட்டி, பின்னால் கம்பியை வளைத்துப் பற்றவைத்தது போல இருக்கிறது. மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கும் பெட்டி, கீழே இல்லாமல் இடது பக்கமாக ஒரு ஜாண் நீளத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. பாட்டியிடம் காட்டினேன், யோசிக்காமல் "அது ஸ்டெங்கன்" என்றாள்.

எனக்குக் குழப்பம் என்னவென்றால், எங்கள் ஊர் கோர்ட் வாசலில் ரொம்ப நாளைக்கு முன்பு ஒரு போலீஸ்காரர் வைத்திருந்ததையும் எல்லோரும் ஸ்டென் கன் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அது இப்படி இல்லை. குழாய் முழுக்க ஓட்டை ஓட்டையாக இருக்கும், மேகசின் வாழைக்காய் போல வளைந்திருக்கும். இடது பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது மட்டும் இரண்டிலும் ஒன்று. 1984-ல் இந்திரா காந்தி சுடப்பட்ட செய்தியிலும் ஸ்டென் கன் என்றே படித்திருக்கிறேன். இரண்டும் ஒரே துப்பாக்கிதானா? மேகசினை ஏன் பக்கவாட்டில் வைத்தார்கள்? இவ்வளவு கரடுமுரடாக ஏன் செய்தார்கள், இதைக் கையில் கொடுத்து ஆளைப் போருக்கு அனுப்பினார்களா? அடிக்கடி ஜாம் ஆகும் என்று எங்கோ படித்தேன், அது உண்மையா?

தாத்தாவிடம் கேட்டிருக்கலாம். நான் ஏழாவது படிக்கும்போதே போய்விட்டார்.

சரித்திரன்

முதலில் பெயர்க் குழப்பம். உங்கள் தாத்தா கையில் இருப்பது ஸ்டென், நீங்கள் சொல்லும் வர்ணனைக்கு மார்க் 2 என்ற அதன் இரண்டாம் வகையாகத்தான் இருக்க வேண்டும். கோர்ட் வாசலில் பார்த்தது ஸ்டெர்லிங், அதாவது கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் செய்த 9 எம்.எம். கார்பைன் (குட்டைத் துப்பாக்கி) 1ஏ1. இரண்டும் வேறு வேறு, ஆனால் அண்ணன் தம்பி என்று சொல்லலாம். இந்தியாவில் முதலில் வந்தது ஸ்டென் என்பதால் பின்னால் வந்த 9 எம்.எம். கார்பைனுக்கும் மக்கள் வாயில் அதே பெயர் நின்றுவிட்டது. அதனால்தான் இந்திரா காந்தி கொலை பற்றி எழுதும்போதுகூட ஒருவர் ஸ்டென் என்பார், இன்னொருவர் ஸ்டெர்லிங் என்பார்.

இனி ஏன் இவ்வளவு கரடுமுரடு என்பது. 1940 மே கடைசியிலும் ஜூன் முதல் நாட்களிலும் பிரான்சின் டன்கர்க் கடற்கரையிலிருந்து சுமார் 3 லட்சத்து 38 ஆயிரம் பேரைக் கப்பலிலும் படகிலும் ஏற்றி இங்கிலாந்து மீட்டுக்கொண்டு வந்தது. ஆட்கள் வந்துவிட்டார்கள், ஆயுதங்களில் பெரும்பகுதி பிரான்சிலேயே கிடந்தது. ஜெர்மனி எந்த நாளும் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வரலாம் என்ற நிலை. அப்போது பிரிட்டிஷ் ராணுவத்துக்குச் சொந்தமாக ஒரு சப்மெஷின் கன்னே, அதாவது பிஸ்டல் தோட்டாவைத் தொடர்ச்சியாகச் சுடும் சின்னத் துப்பாக்கியே, கிடையாது. போருக்கு முன்பு அதை ராணுவத்துக்கு வேண்டாத பொருளாகத்தான் பார்த்தார்கள். அமெரிக்காவிலிருந்து தாம்ப்சன் என்ற சப்மெஷின் கன்னை வாங்கினார்கள். அருமையான துப்பாக்கி, ஆனால் ஒன்றுக்கு 200 டாலர் அளவுக்கு விலை, அட்லாண்டிக்கில் வேறு ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன.

அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் ஸ்டென். மேஜர் ரெஜினால்ட் ஷெப்பர்ட், ஹரோல்ட் டர்ப்பின் என்ற இருவர் வடிவமைத்தார்கள். அவர்கள் பெயரின் முதல் எழுத்துகள் எஸ், டி, அதோடு என்ஃபீல்ட் தொழிற்சாலையின் முதல் இரண்டு எழுத்துகள், சேர்த்தால் ஸ்டென். 1941-ல் உற்பத்தி தொடங்கியது. முதலில் வந்த மார்க் 1-ல் மரப் பிடியும் முனையில் நெருப்பை மறைக்கும் கரண்டி போன்ற பாகமும் இருந்தன. மார்க் 2-ல் அதெல்லாம் போய்விட்டது, உங்கள் போட்டோவில் இருக்கிற எலும்புக்கூடுதான் மிச்சம். மொத்தம் 47 பாகங்கள், எடை 3 கிலோ சொச்சம், செலவு ஏறக்குறைய இரண்டரை பவுண்டு. அன்றைய கணக்கில் 10 டாலர். ஒரு தாம்ப்சன் விலைக்கு இருபது ஸ்டென்! மார்க் 2 மட்டும் 20 லட்சத்துக்கு மேல் செய்தார்கள், எல்லா வகையும் சேர்த்தால் 40 லட்சத்தைத் தொடும்.

தோட்டாவை 9 எம்.எம். பாரபெல்லமாக வைத்ததும் நன்றாக யோசித்துச் செய்ததுதான். ஜெர்மன்காரர்கள் பயன்படுத்தியதும் அதே தோட்டா. எதிரியிடம் பிடித்ததை அப்படியே போட்டுச் சுடலாம்.

பக்கவாட்டு மேகசினுக்கு வருகிறேன். இது ஸ்டென்னோடு தொடங்கியது அல்ல, வம்சாவளியாக வந்தது. 1918-ல், முதல் உலகப் போரின் கடைசி வருடத்தில், ஹியூகோ ஷ்மைசர் வடிவமைத்த எம்.பி.18 என்ற ஜெர்மன் துப்பாக்கி களத்துக்கு வந்தது. லூகர் பிஸ்டலுக்கு ஏற்கெனவே இருந்த நத்தைக் கூடு போன்ற 32 தோட்டா டிரம்மை இடது பக்கம் மாட்டினார்கள். அதன் அடுத்த தலைமுறை எம்.பி.28-ல் டிரம் போய் நேரான பெட்டி மேகசின் வந்தது, இடம் மட்டும் மாறவில்லை. 1940-ல் பிரிட்டன் அவசரத்துக்கு அந்த எம்.பி.28-ஐயே பார்த்துச் செய்ததுதான் லான்செஸ்டர், பெரும்பாலும் கடற்படைக்குப் போனது. மரக்கட்டை, பித்தளை எல்லாம் வைத்து மிக நன்றாகச் செய்த துப்பாக்கி. அதை எவ்வளவு எளிமைப்படுத்த முடியுமோ அவ்வளவு எளிமைப்படுத்தினால் ஸ்டென். மேகசின் அதே இடது பக்கத்தில் தங்கிவிட்டது.

அதில் பலனும் இருந்தது. தரையோடு தரையாகப் படுத்துச் சுடும்போது கீழே நீண்ட மேகசின் இருந்தால் அது மண்ணில் முட்டும், தலையையும் தோளையும் தூக்கியாக வேண்டும். பக்கவாட்டில் இருந்தால் நன்றாகத் தாழ்ந்து படுக்கலாம். நடக்கும்போது புதரில் மாட்டும், எடை ஒரு பக்கம் சாயும் என்பது அதற்குக் கொடுத்த விலை. மார்க் 2-ல் மேகசின் மாட்டும் கூட்டை மட்டும் கீழ்நோக்கித் திருப்பிவிட முடியும், அப்படித் திருப்பினால் காலித் தோட்டா வெளியே வரும் வாயும் மூடிக்கொள்ளும், தூசி போகாது, பையில் வைக்கவும் வசதி.

பட்டறைக்காரன் கோவை

ஜாம் ஆகும் விஷயத்தை நான் சொல்கிறேன். துப்பாக்கி தெரியாது, ஆனால் இருபத்திரண்டு வருடமாக பிரஸ் டூல் வேலை, தகடு எப்படி வளையும் என்று தெரியும். ஸ்டென்னைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாட்களின் பட்டறைகள்தான் கண்முன் வரும்.

ஸ்டென்னின் உடம்பு ஒரு குழாய். உள்ளே கனமான ஒரு இரும்பு போல்ட், பின்னால் ஒரு ஸ்பிரிங். ட்ரிக்கரை அழுத்தினால் போல்ட் முன்னால் ஓடிவந்து போகிற போக்கில் மேகசினிலிருந்து ஒரு தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய் பேரலில் (குண்டு வெளியேறும் முன்குழாயில்) செருகி அங்கேயே வெடிக்க வைக்கும். தனியாகச் சுத்தியல் கிடையாது, ஊசி போல்ட்டின் முகத்திலேயே கடைந்து விட்டதுதான். வெடித்த வேகத்தில் போல்ட் பின்னால் வரும், மறுபடி ஓடும். நிமிடத்துக்கு 500-லிருந்து 600 என்ற வேகம். பூட்டும் அமைப்பு எதுவும் இல்லை, போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கும்தான் எல்லாம். இதில் துல்லியமாகக் கடைய வேண்டியது போல்ட்டும் பேரலும், மற்றதெல்லாம் தகட்டை அழுத்தி வளைத்துப் பற்றவைத்தால் போதும். அதனால்தான் துப்பாக்கியே செய்யாத சின்னப் பட்டறைகள்கூட பாகங்கள் செய்து கொடுக்க முடிந்தது. மார்க் 3 என்ற வகையை யார் செய்தார்கள் தெரியுமா, லைன்ஸ் பிரதர்ஸ், குழந்தைகளுக்குப் பொம்மை செய்கிற கம்பெனி! தகரப் பொம்மைக்குத் தகடு வளைத்த பிரஸ்ஸும் அதை ஓட்டிய ஆட்களும் அவர்களிடம் இருந்தார்கள். ஒரே தகட்டை உருட்டி மேலே நீளமாக ஒரு பற்றவைப்பு, உடம்பு முடிந்தது. கிட்டத்தட்ட 9 லட்சம் செய்து கொடுத்தார்கள். என் தொழிலில் இருக்கிற எவரும் இதைப் படித்தால் ஒரு நிமிடம் எழுந்து நிற்பார்கள்.

ஆனால் மேகசின், அங்கேதான் வினை. தோட்டாக்கள் உள்ளே இரண்டு வரிசையாக மாறி மாறி அடுக்கியிருக்கும், மேலே வாயருகே வரும்போது இரண்டு வரிசையும் ஒன்றாகக் குறுகி நடுவில் ஒற்றைத் தோட்டாவாக வெளியே வர வேண்டும். இரண்டு பேருந்து வரிசை ஒரே ஆள் நுழையும் கதவில் முட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறுகும் இடத்தில் தோட்டாவும் தோட்டாவும் உரசும், தகட்டிலும் உரசும், கொஞ்சம் மண்ணோ தூசியோ சேர்ந்தால் அப்படியே நின்றுவிடும். இன்னொன்று அந்த வாய். மேலே இரண்டு பக்கமும் வளைந்து தோட்டாவைப் பிடித்திருக்கும் உதடுதான் அடுத்த தோட்டா எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. மேகசின் கீழே விழுந்து அந்த உதடு கொஞ்சம் நசுங்கினாலும் கோணம் மாறும், போல்ட் தள்ளும் தோட்டா பேரல் வாய்க்குள் போகாமல் விளிம்பில் முட்டும். எங்கள் பட்டறையில் ஒருமுறை ஒரு சின்ன கிளிப்புக்கு வளைவு கால் மில்லி தள்ளிப்போனதில் ஒரு நாள் உற்பத்தி முழுவதும் ஒதுக்க வேண்டியதாயிற்று. அது கிளிப், யார் உயிரும் போகாது. இது போர்க்களம்.

இந்த மேகசின் வடிவம் ஜெர்மன்காரர்களிடமிருந்து வந்ததுதான், குறையும் அதோடு சேர்ந்தே வந்தது. 32 தோட்டா பிடிக்கும், ஆனால் அனுபவப்பட்ட சிப்பாய்கள் 28 அல்லது 30-க்கு மேல் போடமாட்டார்கள். முழுக்க அடைத்தால் ஸ்பிரிங் இறுகி முதல் தோட்டாவே மாட்டும். வெறும் விரலால் கடைசி வரை நிரப்புவதும் கஷ்டம், அதற்கென்று ஒரு சின்னக் கருவி கொடுத்தார்கள்.

அப்புறம் கையை எங்கே வைப்பது. சினிமாவிலும் பழைய போட்டோக்களிலும் பலர் மேகசினையே கைப்பிடி மாதிரி பிடித்திருப்பார்கள். பார்க்க வசதியாகத்தான் இருக்கும். அப்படிப் பிடித்து இழுத்தால் மேகசின் அதன் கூட்டில் கொஞ்சம் அசையும், அசைந்தால் தோட்டா வரும் கோணம் மாறும், ஜாம். பேரலைச் சுற்றியிருக்கும் உறையில்தான் இடது கை இருக்க வேண்டும். அங்கேயும் கவனம் வேண்டும், கை பின்னால் நழுவி காலித் தோட்டா வெளியேறும் வாய்க்குள் விரல் போனால் போல்ட் விரலைக் கடித்துவிடும். மார்க் 3-ல் அதற்கென்று ஒரு சின்னத் தடுப்பு வைத்தார்கள்.

இதைவிட மோசமான குறை ஒன்று உண்டு. மேகசின் மாட்டிய துப்பாக்கி பின்பக்கம் தரையில் இடிக்கும்படி விழுந்தால், கனமான போல்ட் அந்த அதிர்ச்சியிலேயே பின்னால் வந்து, திரும்ப ஓடும்போது ஒரு தோட்டாவை எடுத்துப் போய் வெடித்துவிடும். யாரும் ட்ரிக்கரைத் தொடவே வேண்டாம். லாரியிலிருந்து குதிக்கும்போது, தோளிலிருந்து நழுவும்போது இப்படி விபத்துகள் நடந்திருக்கின்றன. பிறகு வந்தவற்றில் போல்ட்டை இழுக்கும் கைப்பிடியை உள்ளே அழுத்தினால் அது எதிர்ப்பக்க ஓட்டையில் போய் மாட்டி போல்ட்டை நகரவிடாமல் பிடிக்கும்படி மாற்றினார்கள். இந்த ஒரு திருத்தத்தை முதல் நாளே செய்திருக்கலாம் என்று எனக்கு இப்போதும் வருத்தம்தான்.

நெல்லை வாசகன்

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. விழுந்தால் வெடிக்கும் என்பதைப் படித்ததும் தாத்தா போட்டோவைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கிறது. இவ்வளவு குறை இருந்தும் 40 லட்சம் செய்தார்கள் என்றால், சண்டையில் உண்மையாகவே பயன்பட்டதா? நம் ராணுவத்தில் இதை எப்போது வரை வைத்திருந்தார்கள்?

முன்னாள் ஹவில்தார்

தம்பி, பயன்பட்டதா என்று கேட்டீர்கள். 1948 காஷ்மீர்ப் போரைப் பற்றிப் படியுங்கள்.

1948 பிப்ரவரி 6, நௌஷேரா பக்கம் தைந்தார் என்ற இடம். நாயக் ஜதுநாத் சிங், ராஜ்புத் ரெஜிமெண்டின் 1-வது பட்டாலியன். அவர் பிக்கெட்டில் (முன்னணிக் காவல் இடத்தில்) மொத்தம் ஒன்பது பேர். எதிரி அலை அலையாக வந்தான். மூன்றாவது தாக்குதல் வரும்போது மீதமிருந்தவர்கள் அடிபட்டோ இறந்தோ கிடந்தார்கள். காயத்தோடு இருந்த அவர் தனி ஆளாக ஸ்டென் கன்னைச் சுட்டுக்கொண்டே வெளியே பாய்ந்தார். எதிர்பாராத அந்தப் பாய்ச்சலில் வந்தவர்கள் சிதறி ஓடினார்கள், அவர் தலையிலும் மார்பிலும் குண்டுபட்டு இறந்தார். அதே வருடம் ஜூலை 18, தித்வால் பகுதி, 6 ராஜபுதன ரைஃபிள்ஸ் கம்பெனி ஹவில்தார் மேஜர் பீரு சிங். கூட வந்தவர்கள் எல்லாம் விழுந்த பிறகும் ஸ்டென்னோடு முன்னேறினார், அதில் தோட்டா தீர்ந்த பிறகு கிரனேடும் பயனட்டுமாகப் போய் உயிரை விட்டார். இருவருக்கும் பரம் வீர் சக்ரா. பீரு சிங்கின் கதையை எங்களுக்குப் பயிற்சியின்போது ஒரு உஸ்தாத் (பயிற்சி கொடுப்பவர்) சொன்னார். சொல்லி முடித்தபோது வகுப்பில் ஒரு சத்தம் இல்லை.

1962-ல் சீனாவோடு நடந்த போரிலும் நம் ஆட்கள் கையில் .303 ரைஃபிளும் ஸ்டென்னும்தான். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல கான்பூர் கார்பைன் வந்து ஸ்டென்னை வெளியேற்றியது.

நான் சுட்டது அந்தக் கார்பைன், 1ஏ1. வெலிங்டனில் பயிற்சி, 1980-களின் நடுவில். ரைஃபிள் எங்களுக்குப் பெரிய விஷயம், கார்பைனை முதலில் கையில் கொடுத்தபோது பொம்மை மாதிரி லேசாக இருந்தது. தோளில் வைக்கும் பின்பாகத்தை மடித்துக் கீழே செருகினால் இன்னும் சின்னதாகிவிடும். டிரைவர், சிக்னல்காரர், டாங்கிக்குள் உட்காருகிறவர், இவர்களுக்கு ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு குறுகிய இடத்தில் புழங்க முடியாது, அதனால் கார்பைன். ட்ரிக்கரைப் பிடித்தபடி விட்டால் முனை மேலே ஏறிக்கொண்டே போகும், முதல் இரண்டு குண்டுதான் அட்டையில், மற்றது வானத்தில். ரெண்டு, மூணு, ரெண்டு, மூணு என்று விட்டு விட்டுச் சுடு என்று உஸ்தாத் காதுக்குள் கத்திக்கொண்டே இருப்பார். பட்டறைக்காரர் சொன்ன அந்தக் கை வைக்கும் விஷயம் எங்களுக்கும் முதல் நாள் பாடம். மேகசினில் கை வைத்தால் விரலில் ஒரு அடி விழும். ஓட்டை ஓட்டையான உறையில்தான் இடது கை. இரண்டு மேகசின் தொடர்ந்து சுட்டால் அந்த உறையே சூடாகிவிடும், ஆனாலும் கையை எடுக்கக் கூடாது.

ஒன்று சொல்ல வேண்டும். என் கார்பைன் ஜாம் ஆனது பயிற்சிக் காலம் முழுக்க இரண்டு முறைதான், இரண்டும் மேகசினை நான் சரியாகத் துடைக்காததால். பிரித்து, பேரலுக்குள் புல்-த்ரூ என்ற துடைக்கும் கயிறு போட்டு, எண்ணெய் துணியால் துடைத்து மாட்டுவது அவ்வளவு சுலபம். பழைய சுபேதார் ஒருவர் ஸ்டென்னும் வைத்திருந்தவர், இதற்கு அது பரவாயில்லையா சாப் என்று கேட்டோம். ஸ்டென்னை நம்பினேன், ஆனால் தூங்கும்போது மேகசினைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தூங்குவேன் என்றார்.

மலையடிவாரம்

ஹவில்தார் ஐயா எழுதியதற்குப் பிறகு என்ன சேர்ப்பது என்று தெரியவில்லை, ஆனாலும் ஸ்டென்னின் இன்னொரு முகத்தை யாரும் சொல்லவில்லை. ஜெர்மனி பிடித்து வைத்திருந்த நாடுகளில் மறைவாகப் போராடியவர்களின் ஆயுதம் இது. பிரான்ஸ், நார்வே, டென்மார்க் என்று எங்கும் இரவில் பாராசூட்டில் பெட்டி பெட்டியாகப் போட்டார்கள். பேரல், தோளில் வைக்கும் பின்பாகம், உடம்பு என்று தனித்தனியாகக் கழன்றுவிடும், காய்கறிக் கூடைக்கு அடியில் மறைத்துக் கொண்டுபோகலாம். விலைக்காகச் சின்னதாகச் செய்தது அங்கே ஒளித்து வைக்க உதவியது.

மிகவும் பேசப்பட்ட தோல்வியும் அப்படி ஒரு இடத்தில்தான். 1942 மே 27, பிராக் நகரம், லிபென் பகுதியில் சாலை வளையும் இடம். ஹிட்லரின் எஸ்.எஸ். படைத் தளபதி ரைன்ஹார்ட் ஹைட்ரிஷ் மேல்மூடி இல்லாத காரில் வருகிறான். இங்கிலாந்தில் பயிற்சி பெற்று வந்த யோசெஃப் கப்சிக் கோட்டுக்குள் மறைத்திருந்த ஸ்டென்னை எடுத்து நேராக நீட்டி ட்ரிக்கரை அழுத்தினார். சுடவில்லை. கார் நின்றது, ஹைட்ரிஷ் பிஸ்டலை எடுத்து எழுந்தான். அந்த நேரம் கூட இருந்த யான் குபிஷ் வீசிய கிரனேட் காரின் பின் சக்கரத்தருகே வெடித்தது, அதில் பட்ட காயத்தில் ஜூன் 4-ம் தேதி ஹைட்ரிஷ் செத்தான். அதற்குப் பழிவாங்க லிடிட்சே என்ற கிராமத்தையே ஜெர்மானியர்கள் அழித்தார்கள். கப்சிக் அந்த ஒரு நொடியில் என்ன நினைத்திருப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

போலந்தில் தலைமறைவுப் படையினர் ஸ்டென்னை நகலெடுத்ததோடு நிற்கவில்லை. சொந்தமாக ப்விஸ்காவிட்சா என்று ஒன்று செய்தார்கள், மின்னல் என்று பொருள். உள்ளே ஸ்டென், வெளித்தோற்றம் எம்.பி.40 என்ற ஜெர்மன் சப்மெஷின் கன், மேகசின் கீழே. நாலு இடத்தில் ரகசியமாகச் செய்த பாகங்களை ஐந்தாவது இடத்தில் சேர்க்க வேண்டும் என்பதால் பற்றவைப்பைக் குறைத்து திருகாணிகளையே நம்பினார்கள். ஏறக்குறைய 700 செய்தார்கள், 1944 வார்சா எழுச்சியில் அவை இருந்தன.

இதில் இன்னொரு திருப்பம். ஸ்டென்னைப் பார்த்துச் சிரித்த ஜெர்மனியே போர் தோற்கும் நேரத்தில் அதை நகலெடுத்தது. 1944-ல் மவுசர் கம்பெனி அச்சு அசலாக ஒன்று செய்தது, 1945-ல் எம்.பி.3008 என்று இன்னும் எளிமையாக ஒன்று வந்தது. அந்த இரண்டாவதில் மேகசினைக் கீழே மாற்றிவிட்டார்கள்.

வாசகரின் முதல் கேள்விக்கு இது பொருந்துகிறது என்பதால் ஆஸ்திரேலியாவையும் சொல்கிறேன். அங்கே ஸ்டென்னைத் தழுவி ஆஸ்டென் என்று செய்தார்கள். அதே சமயம் ஈவ்லின் ஓவன் என்ற வொல்லொங்காங் இளைஞர் வடிவமைத்த ஓவன் கன்னும் வந்தது. அதில் மேகசின் மேலே, தலைக்கு மேல் கொம்பு மாதிரி நிற்கும்! தோட்டா கீழ்நோக்கி விழும், சேறும் கீழே வழிந்துவிடும். நியூகினி காட்டின் மழையிலும் சேற்றிலும் சிப்பாய்கள் ஆஸ்டென்னை வைத்துவிட்டு ஓவனைத்தான் கேட்டு வாங்கினார்கள், வியட்நாம் வரைக்கும் அது போனது. ஆக ஒரே காலத்தில் ஒரே 9 எம்.எம். தோட்டாவுக்கு பக்கத்தில், கீழே, மேலே என்று மூன்று இடத்திலும் மேகசின் வைத்துப் பார்த்துவிட்டார்கள். என் கருத்து, ஸ்டென் ஜாம் ஆனதற்குப் பக்கவாட்டில் வைத்தது காரணமில்லை. ஸ்டெர்லிங்கிலும் அதே இடம்தான், ஹவில்தார் ஐயாவுக்கு இரண்டு முறைதான் மாட்டியிருக்கிறது.

பட்டறைக்காரன் கோவை

மலையடிவாரம் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. குற்றம் இடத்தில் இல்லை, மேகசினுக்குள் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துத் திருத்தியவர் ஜார்ஜ் வில்லியம் பேட்செட். எசெக்ஸில் டேகன்ஹாம் என்ற ஊரில் இருந்த ஸ்டெர்லிங் கம்பெனியின் ஆள், 1944-லேயே அவருடைய துப்பாக்கி சோதனைக்கு வந்துவிட்டது. 1953-ல் பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது, 1956-ல் வந்த எல்2ஏ3 தான் கடைசி வரை நின்ற வடிவம்.

அவர் செய்ததைப் பாருங்கள். 9 எம்.எம். தோட்டா பின்பக்கம் கொஞ்சம் அகலம், முன்பக்கம் கொஞ்சம் குறுகல், வரிசையாக அடுக்கினால் தானாகவே வளையும். அதனால் மேகசினையும் வளைத்தார். வாசகர் பார்த்த வாழைக்காய் வளைவு அதுதான், அழகுக்காக இல்லை. உள்ளே தோட்டாவைத் தள்ளிவரும் தகட்டுக்குப் பதில் இரண்டு உருளைகள் வைத்தார், உரசுவதற்குப் பதில் உருளும். தோட்டா எண்ணிக்கை 34 ஆனது. போல்ட்டின் மேல் சாய்வாகத் திருகு மாதிரி பள்ளங்கள் வெட்டினார், அது முன்னும் பின்னும் ஓடும்போது குழாய்க்குள் படிந்த கரியையும் மணலையும் சுரண்டித் தள்ளிக்கொண்டு போகும். சுத்தம் செய்யும் வேலையையும் ஓடுகிற பாகத்திடமே கொடுத்துவிட்டார்! பழைய ஸ்டென் மேகசினைக்கூட ஸ்டெர்லிங்கில் மாட்டலாம், கிடங்கில் லட்சக்கணக்கில் கிடந்ததை வீணாக்கவில்லை.

பிரிட்டன் 1982 ஃபாக்லாண்ட் போர் தாண்டியும் வைத்திருந்தது, கம்பெனி 1988-ல் திவாலாகி மூடிவிட்டது. கனடா தன் பங்குக்கு சி1 என்று செய்தது, ஆஸ்திரேலியா ஓவனுக்குப் பிறகு செய்த எஃப்1-லும் இந்த வளைந்த மேகசின்தான், ஆனால் பிடிவாதமாக மேலேயே மாட்டினார்கள்.

நெல்லை வாசகன்

இரவு பாட்டியின் கண்ணாடியை வாங்கி போட்டோவை லைட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். தாத்தாவின் இடது கை மேகசினில் இல்லை. முன்னால் பேரல் உறையைப் பிடித்திருக்கிறார், விரல்கள் எல்லாம் காலித் தோட்டா வெளியேறும் வாய்க்கு நன்றாக முன்னாலேயே இருக்கின்றன. பாட்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் போட்டோவை வாங்கி அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்னாள் ஹவில்தார்

நல்லது தம்பி. உஸ்தாத் சொன்னதைக் கேட்டிருக்கிறார். பின்பக்கக் கம்பி எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள், ஒற்றைக் குழாயின் முனையில் குறுக்குக் கட்டை வைத்தது போலவா, இல்லை முழு வளையமாகவா? மார்க் 2-ல் இரண்டும் உண்டு. தாத்தாவின் தோளில் இருக்கும் பட்டியையும் முடிந்தால் பெரிதாக்கிப் போடுங்கள், எந்த ரெஜிமெண்ட் என்று பார்த்துவிடலாம்.

நெல்லை வாசகன்

வளையம், ஐயா. நாளைக்கு ஸ்கேன் எடுத்துப் போடுகிறேன்.